ஜப்பானியப் பெயரைப் படிக்கப் பழகுவது எப்படி: ஒலி, எழுத்து, தலைமுறை

ஒரகடம், ஸ்ரீபெரும்புதூர் பக்கம் ஜப்பானிய நிறுவனங்களில் வேலை பார்க்கிறவர்களுக்கும், டோக்கியோவுக்கு வேலையாகப் போய்ச் சேர்ந்தவர்களுக்கும் முதல் வாரத்திலேயே வரும் சந்தேகம் இது. மின்னஞ்சலின் கீழே ‘ஹிரோமி’ என்று பெயர் இருக்கிறது. இவர் ஆணா, பெண்ணா? ‘யுகி’ என்றால் பனி என்று இணையத்தில் போட்டிருக்கிறதே, அது சரியா? அனிமே பார்த்து ஜப்பானிய மொழிப் பக்கம் வந்தவர்களும் இதையேதான் கேட்கிறார்கள்.

இதற்குப் பெயர்ப் பட்டியல்களை மனப்பாடம் செய்யத் தேவையில்லை. ஆணா பெண்ணா என்பதைப் பெரும்பாலும் பெயரின் கடைசி ஒலி சொல்லிவிடும். பொருள் என்னவென்று அது எழுதப்பட்ட எழுத்துதான் சொல்லும். எந்தத் தலைமுறைக்காரர் என்பது அந்தப் பெயர் எந்தக் காலத்து மோஸ்தர் என்பதிலிருந்து தெரியும். மூன்றையும் தனித்தனியாகப் பார்க்கத் தெரிந்துவிட்டால் அறிமுகமில்லாத பெயரையும் ஓரளவு படித்துவிடலாம். ஒலியை வைத்துப் பொருள் சொல்லும் இணையப் பட்டியல்கள்தான் இந்த இடத்தில் எல்லோரையும் குழப்புகின்றன.

ஒரு குறிப்பு. ஜப்பானிய மொழியில் நம்மைப் போலவே குறில், நெடில் உண்டு. தமிழில் சொல்லின் கடைசியில் ஒ, எ எழுதிப் பழக்கமில்லாததால் ‘கோ’, ‘ஏ’ என்றே எழுதியிருக்கிறேன். கடைசி உயிரைக் குறிலாகவே சொல்லுங்கள். பத்திரிகைகளில் பழகிப்போன பெயர்களைப் பழகியபடியே விட்டிருக்கிறேன்.

படி 1: எது குடும்பப் பெயர், எது இட்ட பெயர்?

ஜப்பானியர் பெயரில் இரண்டே பகுதிகள். குடும்பப் பெயர் முதலில், இட்ட பெயர் பின்னால். நடுப்பெயர் என்று எதுவும் இல்லை. ஆங்கிலத்தில் எழுதும்போது மட்டும் வெளிநாட்டாருக்காகத் திருப்பிப் போடுவது நெடுநாள் வழக்கமாக இருந்தது. 2020 ஜனவரி 1 முதல் ஜப்பான் அரசு ஆவணங்களில் ஆங்கில எழுத்திலும் குடும்பப் பெயரே முதலில் வருகிறது. தனியார் நிறுவனங்கள் இன்னும் இரண்டு விதமாகவும் எழுதுகின்றன. முகவரி அட்டையில் ஒரு பகுதி மட்டும் முழுக்கப் பெரிய எழுத்தில் இருந்தால் அதுதான் குடும்பப் பெயர்.

அப்படி எதுவும் இல்லையென்றால் ஒலியைப் பாருங்கள். யமா (மலை), கவா (ஆறு), தா (வயல்), முரா (ஊர்) போன்ற இடப்பெயர்ச் சொற்கள் இருந்தால் பெரும்பாலும் குடும்பப் பெயர். யமமோதோ, நகமுரா, தனகா எல்லாம் இந்த வகை. குடும்பப் பெயரை வைத்து ஆண், பெண் தெரியாது. அந்த வேலை முழுக்க இட்ட பெயருக்கு உரியது.

படி 2: குறிலா நெடிலா என்று கேளுங்கள்

டொயோட்டா உற்பத்தி முறையின் தந்தை என்று தொழிற்சாலைகளில் சொல்லப்படும் ஓனோ தாயிச்சியின் குடும்பப் பெயரை ஆங்கிலத்தில் எழுதும்போது நடுவில் ஓர் ‘எச்’ சேர்ப்பார்கள். அந்த எச் நெடிலுக்கான அடையாளம் மட்டுமே. ‘ஓனோ’ என்றால் பெரிய வயல்வெளி. குறிலாக ‘ஒனோ’ என்றால் சிறிய வயல்வெளி. இரண்டும் வேறு வேறு குடும்பங்கள். ஆனால் கடவுச்சீட்டின் ஆங்கில எழுத்தில் நெடில் பொதுவாக மறைந்துவிடுவதால், இரண்டும் ஒன்றுபோலத் தெரியும் வாய்ப்பு அதிகம்.

இட்ட பெயரில் இது ஆண், பெண் கேள்வியையே மாற்றிவிடும். குறிலாக ‘யுகி’ என்றால் பெண்ணாக இருக்கவே வாய்ப்பு அதிகம். நெடிலாக ‘யூகி’ என்றால் ஆணாக இருக்க வாய்ப்பு அதிகம். ஆங்கிலத்தில் இரண்டும் ஒரே எழுத்துக்கூட்டு. நேரில் சந்திக்கும்போதோ தொலைபேசியிலோ அவர் தன் பெயரை எப்படிச் சொல்கிறார் என்று காது கொடுத்துக் கேட்டு, உடனே தமிழில் குறித்து வைத்துக்கொள்ளுங்கள். குறில், நெடிலைப் பொறுத்தவரை ஆங்கில எழுத்தைவிடத் தமிழ் எழுத்து இந்த வேலைக்கு வசதியானது. வல்லின எழுத்துகளில்தான் இடிக்கும். 1892-இல் பிறந்து நூறு வயதைத் தாண்டி நாடறிந்தவர்களான நகோயா இரட்டைச் சகோதரிகளின் பெயர்கள் தங்கம், வெள்ளி என்று பொருள்படுபவை. ஜப்பானிய மொழியில் ஒலி வேறு. தமிழில் எழுதினால் இரண்டும் ‘கின்’ என்றே வரும்.

படி 3: பெயரின் வாலைப் பாருங்கள்

ஆண் பெயரா பெண் பெயரா என்பதற்கு இதைவிட நல்ல துப்பு கிடையாது. நமக்கு ஏற்கெனவே தெரிந்த தொழிலதிபர்களின் பெயர்களிலிருந்தே தொடங்கலாம். ஹோண்டாவை நிறுவியவர் சோயிச்சிரோ. டொயோட்டா கார் நிறுவனத்தைத் தொடங்கியவர் கியிச்சிரோ. இரண்டும் ‘இச்சிரோ’ என்று முடிகின்றன. இச்சி என்றால் ஒன்று, ரோ என்றால் மகன், ஆக மூத்த மகன். இருவருமே தலைப்பிள்ளைகள்தான். சுசுகி நிறுவனர் பெயர் மிச்சியோ. மிச்சி என்றால் பாதை, கடைசி ‘ஓ’ ஆணைக் குறிக்கும் எழுத்து. பானசோனிக் நிறுவனர் மத்சுஷிதாவின் பெயர் கோனொசுகே. ‘சுகே’ என்றால் துணை நிற்பது. ரோ, இச்சி, சுகே, தா, ஹேய், ஹிகோ என்று முடிந்தால் ஆண் என்று துணிந்து சொல்லலாம்.

இச்சி, ஜி, சோ என்பவை முதல், இரண்டாம், மூன்றாம் மகனைக் குறிக்கும் வால்கள். தாரோ, ஜிரோ, சபுரோ என்பதும் அதே வரிசை. ஆனால் இதை வைத்து இவருக்கு எத்தனை அண்ணன்மார் என்று கணக்குப் போட வேண்டாம். பேஸ்பால் வீரர் இச்சிரோ வீட்டுக்கு இரண்டாவது மகன். அவர் பெயரில் உள்ள ‘ரோ’ மகனைக் குறிக்கும் எழுத்தே இல்லை, ‘தெளிவு, மலர்ச்சி’ என்று பொருள்படும் வேறு எழுத்து. முன்னாள் பிரதமர் அபே ஷின்சோவின் பெயரில் ‘மூன்று’ என்ற எழுத்து இருக்கிறது. அவரும் இரண்டாவது மகன்தான்.

பெண் பெயர்களில் நாம் அதிகம் கேட்ட வால் ‘கோ’. குழந்தை என்று பொருள். ஒரு காலத்தில் இது அரண்மனை, பிரபு குடும்பத்துப் பெண்களின் அடையாளம். மெய்ஜி பேரரசர் காலத்தில் (1868–1912) தொடங்கிப் பொதுமக்களிடம் பரவி, 1920-களிலிருந்து 1950-கள் வரை பெண் பெயர்ப் பட்டியலையே ஆண்டது. அரச குடும்பத்துப் பெண்களுக்கு இன்றும் கோதான். பேரரசர் நருஹிதோவின் மகள் பெயர் ஐகோ. 2001 டிசம்பர் 1-இல் பிறந்தவர். மென்சியஸ் என்ற சீன அறிஞரின் நூலில், பிறரை நேசிப்பவரைப் பிறரும் நேசிப்பர் என்று ஒரு வரி வருகிறது. அதில் உள்ள ‘அன்பு’ என்ற எழுத்தை எடுத்து வைத்த பெயர் அது. அதே குடும்பத்தில் ஆண்களுக்கு வால் ‘ஹிதோ’. ஹிரோஹிதோ, அகிஹிதோ, நருஹிதோ, 2006-இல் பிறந்த ஹிசஹிதோ, நான்கு பேருக்கும் அந்த எழுத்துக்குக் ‘கருணை அறம்’ என்றுதான் பொருள்.

‘கோ’ எப்போதுமே பெண்பாலாக இருக்கவில்லை என்பதையும் சொல்லிவிட வேண்டும். 607-இல் சீனாவின் சுயி அரசவைக்குத் தூது போன ஒனோ நோ இமொகோ ஓர் ஆண். எழுத்துப்படி அவர் பெயர் ‘தங்கை’ என்ற எழுத்தையும் ‘கோ’வையும் சேர்த்தது! அவர் காலத்தில் அரசவையை ஆட்டிவைத்த சொகா நோ உமகோவும் ஆண்தான். உமா என்றால் குதிரை. சீனத்தில் அதே எழுத்து ஆசான்களுக்கு மரியாதைப் பட்டம். கன்பூசியஸ் பெயரின் முடிவிலும் அது இருக்கிறது. ஒரு வாலின் பால் காலத்தோடு மாறும் என்பதற்கு இதைவிடப் பெரிய சாட்சி வேண்டாம். இன்றைக்குக் கோ வந்தால் பெண் என்றே வைத்துக்கொள்ளுங்கள், ‘ஹிகோ’ தவிர. கசுஹிகோ, ஹருஹிகோ எல்லாம் ஆண்கள். ஹிகோ என்பது பழங்காலத்தில் உயர்குல ஆணைக் குறித்த தனிச்சொல்.

கோவுக்கு அடுத்து ‘மி’ (அழகு), ‘கா’ (மலர் அல்லது மணம்), ‘னா’, ‘ஏ’, ‘யோ’, ‘ஹோ’, ‘ரி’ என்று முடிவனவும் பெண் பக்கம் சாய்பவை. எமி, ஹருகா, ஹினா, ஹனஏ, சிஹோ, கஓரி. விலக்குகள் எங்கே வரும் என்று தெரிந்தால்தான் இது பயன்படும். ‘ரி’ பெண்பால்தான், ஆனால் மசனொரி, யொஷினொரி என்று ‘னொரி’யாக வந்தால் பெரும்பாலும் ஆண். ‘கா’ பெண்பால்தான், ஆனால் யுதகா (செழிப்பு) ஆண். ‘மி’ பெண்பால்தான், ஆனால் தகுமி (கைதேர்ந்த கைவினைஞர்) பெரும்பாலும் ஆண்.

‘யா’, ‘ஓ’, ‘கி’ மூன்றும் இரண்டு பக்கமும் போகும். இவற்றில் நீளத்தை எண்ணிப் பாருங்கள். இரண்டு அசைப் பெயராக இருந்தால் பெண் பக்கம்: அயா, மயா, மஓ, மிஓ, மிகி, சகி. அதே வால் நீண்ட பெயரில் வந்தால் ஆண் பக்கம்: தகுயா, தத்சுயா, அகிஓ, ஹிதெஓ, நஓகி, தயிகி. கோ சேராத நான்கசைப் பெயர் என்றாலே, மசஹிரோ, தகயுகி மாதிரி, ஆணாக இருக்க வாய்ப்பு அதிகம். நெடிலை இரண்டாகவும் ‘ன்’ என்ற மெய்யை ஒன்றாகவும் எண்ண வேண்டும் என்பதை மறக்காதீர்கள்.

அப்புறம் இரு பாலுக்கும் பொதுவான பெயர்கள். ஹிரோமி, மசமி, கசுமி, மகொதோ, ஹிகரு, கஓரு, ஷினொபு, ஜுன், அஓயி, சிஹிரோ, நத்சுகி. இவற்றில் வாலைப் பார்த்து எதுவும் சொல்ல முடியாது. கோ ஹிரோமி புகழ்பெற்ற ஆண் பாடகர். உயெஹரா ஹிரோமி புகழ்பெற்ற பெண் பியானோ கலைஞர். தரக்கட்டுப்பாட்டு வகுப்பில் மீன்முள் வரைபடம் படித்தவர்களுக்கு இஷிகவா கஓருவைத் தெரிந்திருக்கும். கஓரு என்றால் நறுமணம் கமழ்வது. அவர் ஆண். அதே பெயரில் பெண்களும் ஏராளம். 1994-இல் விண்வெளிக்குப் போன முதல் ஜப்பானியப் பெண் முகயி சியகி. பெயரின் எழுத்துக்கு ஆயிரம் இலையுதிர்காலங்கள் என்று பொருள். சியகி என்ற பெயரில் ஆண்களும் உண்டு.

படி 4: ஒலியிலேயே பொருள் உள்ளதா என்று பாருங்கள்

ஒலியை வைத்துப் பொருள் சொல்லக் கூடாது என்று மேலே சொன்னேன். ஒரு வகைப் பெயர்களுக்கு மட்டும் இது பொருந்தாது. அவை ஜப்பானிய மொழியின் சொந்தச் சொற்களே பெயராக நிற்பவை.

ஆண்களில் ‘உ’ என்று முடியும் வினைச்சொற்கள் ஒரு கூட்டம். மமொரு (காப்பது), சுசுமு (முன்னேறுவது), மினொரு (விளைவது, கதிர் முற்றுவது), ஷிகெரு (அடர்ந்து வளர்வது), மனபு (கற்பது), வதரு (கடப்பது), இசமு (வீரம் கொள்வது). இன்னொரு கூட்டம் ‘ஷி’ என்று முடிபவை. தகஷி (உயர்ந்த), கியொஷி (தூய), ததஷி (நேர்மையான), ஹிரோஷி (பரந்த). இந்த ஷி பழைய ஜப்பானிய மொழியில் பண்புச்சொற்களின் விகுதி. இன்றைய பேச்சில் அது ‘இ’ ஆகிவிட்டது, பெயர்களில் மட்டும் பழைய வடிவம் நிலைத்துவிட்டது. அந்தப் பெயர்கள் கம்பீரமாக ஒலிப்பதற்கு அதுவும் ஒரு காரணம் என்று நினைக்கிறேன்.

பெண்களில் பூ, மரம், நிறம், நீர் ஆகியவற்றின் பெயர்கள். சகுரா, யுரி (லில்லிப் பூ), சுமிரே (ஊதாப்பூ), கஎதே (மேப்பிள் மரம்), அகனே (மஞ்சிட்டிச் சிவப்பு), மிதொரி (பச்சை), இசுமி (ஊற்று), நகிசா (கடற்கரை). இவற்றுக்கு அகராதியைப் பார்த்துப் பொருள் சொன்னால் பெரும்பாலும் சரியாகவே இருக்கும்.

படி 5: எழுத்தைப் பார்க்காமல் பொருள் சொல்லாதீர்கள்

மற்ற பெயர்களுக்கெல்லாம் எழுத்துதான் பொருள். கன்ஜி எனப்படும் சீன எழுத்துகளில் ஒவ்வொன்றுக்கும் ஒரு பொருளும் பல வாசிப்புகளும் உண்டு. பெற்றோர் முதலில் ஓர் ஒலியை முடிவு செய்து அதற்கேற்ற எழுத்தைத் தேடலாம். எழுத்தை முதலில் பிடித்துக்கொண்டு வாசிப்பைத் தேடலாம்.

யுகியையே எடுத்துக்கொள்வோம். ‘பனி’ என்ற ஒற்றை எழுத்தில் எழுதலாம். ‘பேறு, மகிழ்ச்சி’ என்ற ஒற்றை எழுத்தில் எழுதலாம். ‘காரணம்’, ‘ஏடு’ என்ற இரண்டு எழுத்துகளைச் சேர்த்து எழுதலாம். ‘இருப்பது’, ‘நம்பிக்கை’ என்ற இரண்டைச் சேர்க்கலாம். இன்னும் எத்தனையோ சேர்க்கைகள் உண்டு. எல்லாவற்றையும் யுகி என்றே வாசிப்பார்கள். யுகி என்றால் பனி என்பது இவற்றில் ஒன்றுக்கு மட்டுமே உண்மை.

எதிர்ப்பக்கமும் அப்படித்தான். ‘பெரிய’, ‘சிறகு விரித்து உயரப் பறப்பது’ என்ற இரண்டு எழுத்துகளைச் சேர்த்த ஆண் பெயர் 2000-க்குப் பிந்தைய ஆண்டுகளில் மிகப் பிரபலம். அந்த ஒரே எழுத்துச் சேர்க்கையை ஒரு வீட்டில் ஹிரோதோ என்பார்கள், இன்னொரு வீட்டில் ஹருதோ, மற்றொரு வீட்டில் யமதோ, தயிகா, சுபசா. ‘பெரிய’ என்ற எழுத்தை மட்டும் தனியாக எழுதி மசரு என்று வாசிப்பவர்களும் உண்டு. சோனியை நிறுவியவர்களில் ஒருவரான இபுகா மசரு அப்படித்தான் எழுதுவார். அதனால்தான் ஜப்பானில் எந்தப் படிவத்தை நிரப்பினாலும் பெயருக்கு மேலே வாசிப்பை எழுத ‘ஃபுரிகனா’ என்று ஒரு கட்டம் இருக்கும். ஜப்பானியருக்கே ஜப்பானியர் பெயரை வாசிக்க அது தேவைப்படுகிறது.

எழுத்துகளின் பொருளைச் சேர்த்து வாக்கியமாக்கிவிடக் கூடாது என்பதும் முக்கியம். சில எழுத்துகள் ஒலிக்காகவே வருபவை. பெண் பெயர்களில் ‘அ’ ஒலிக்கு வரும் ஓர் எழுத்துக்கு அகராதியில் ‘அடுத்த நிலை’ என்ற பொருள் இருக்கும். மகளை இரண்டாம் தரம் என்று சொல்ல யாரும் அதை எழுதுவதில்லை, அ என்ற ஒலிக்காக எழுதுகிறார்கள். கோனொசுகேயில் உள்ள ‘னொ’ வெறும் இணைப்பு. மறுபுறம், பெற்றோர் யோசித்துக் கோத்த பெயர்களில் ஒவ்வொரு எழுத்துக்கும் கதை இருக்கும். பேஸ்பால் வீரர் ஓதனி ஷோஹேயின் பெயரில் ‘ஷோ’ உயரப் பறப்பது. அவர் பிறந்த இவாதே மாகாணத்தோடு தொடர்புடைய பழங்கால வீரர் யொஷித்சுனேயின் பாய்ச்சலை நினைத்து வைத்தது. ‘ஹேய்’ அதே மாகாணத்தின் ஹிரயிசுமி என்ற ஊர்ப்பெயரின் எழுத்து. எழுத்தின் அகராதிப் பொருள் ‘சமதளம்’ என்பதோடு நின்றிருந்தால் இது தெரிந்திருக்காது.

எந்த எழுத்தையும் வைத்துவிட முடியாது. பொதுப் பயன்பாட்டு எழுத்துகள் 2136, பெயருக்கென்று கூடுதலாக அனுமதித்தவை 863. இவற்றோடு ஹிரகனா, கதகனா என்ற ஒலியெழுத்துகளும் சரி. அனுமதித்த எழுத்தாக இருந்தாலும் பொருள் கேடாக இருந்தால் பிரச்சினை வரும். 1993-இல் டோக்கியோ மாநகரத்தைச் சேர்ந்த அகிஷிமா நகரில் ஒரு குழந்தைக்குச் ‘சாத்தான்’ என்று பெயர் பதிய வந்தபோது நகராட்சி ஏற்க மறுத்து, விவகாரம் நீதிமன்றம்வரை போனது. வாசிப்புக்குத்தான் நெடுங்காலம் கட்டுப்பாடே இல்லை. குடும்பப் பதிவேட்டில் எழுத்து மட்டும் இருக்கும், வாசிப்பு இருக்காது. 2025 மே 26 முதல் வாசிப்பையும் பதிய வேண்டும் என்று சட்டம் வந்துவிட்டது. அந்த எழுத்துக்குப் பொதுவாக ஏற்கப்படும் வாசிப்பாகவும் இருக்க வேண்டும். ‘உயர்ந்த’ என்ற எழுத்தைப் போட்டு ‘ஹிகுஷி’, அதாவது தாழ்ந்த, என்று வாசிக்கச் சொன்னால் ஏற்கமாட்டார்கள்.

இப்படி வினோதமாக வாசிக்கும் பெயர்களைக் ‘கிராகிரா’, அதாவது மினுமினுப்புப் பெயர்கள் என்பார்கள். இந்தக் காலத்துப் பிள்ளைகளின் கோளாறு என்று பெரியவர்கள் அலுத்துக்கொள்வதைக் கேட்கலாம். அந்தக் குற்றச்சாட்டு எனக்கு நியாயமாகப் படவில்லை. ஜெர்மனியில் படித்துவிட்டு வந்த எழுத்தாளரும் ராணுவ மருத்துவருமான மோரி ஓகாயி நூறாண்டுக்கு முன்பே தன் பிள்ளைகளுக்கு ஓட்டோ, ஃபிரிட்ஸ், ஆன், லூயி என்று ஒலிக்கும்படி கன்ஜி எழுத்துகளைத் தேடிப் பெயர் வைத்தார்.

படி 6: தலைமுறையைக் கணியுங்கள்

வயதானவர்களிடம் பேசும்போது இது உதவும். மெய்ஜி காலத்துப் பெண்களுக்குப் பெரும்பாலும் இரண்டு அசை, எளிய ஒலியெழுத்து: உமே, கிகு, ஹரு, கமே (ஆமை), த்சுரு (கொக்கு). ஆமையும் கொக்கும் நீண்ட ஆயுளின் சின்னங்கள். 1903-இல் பிறந்து 119 வயதுவரை வாழ்ந்த தனகா கனே அந்தக் காலத்துப் பெயர்க்காரர். அவர் பெயரின் இரண்டாவது எழுத்து ‘கோ’வுக்கான அதே எழுத்துதான். ஆனால் பழைய வழக்கப்படி அதை ‘னே’ என்று வாசிக்க வேண்டும்.

1926 டிசம்பரில் ஷோவா காலம் (பேரரசர் ஹிரோஹிதோவின் ஆட்சிக்காலம்) தொடங்கியதும் அந்தப் பெயரிலிருந்தே எழுத்துகளை எடுத்துப் பிள்ளைகளுக்குச் சூட்டினார்கள். ‘இணக்கம்’ என்ற எழுத்தோடு கசுகோ என்ற பெயர் பல ஆண்டுகள் முதலிடத்தில் இருந்தது. ஷோவா 2-ஆம் ஆண்டில் ஷோஜி, 3-ஆம் ஆண்டில் ஷோசோ என்று எண்ணையும் சேர்த்தார்கள். போர்க்காலத்தில் மசரு (வெற்றி), இசமு (வீரம்). 1960-களில் ஹிரோஷி, மகொதோ, பெண்களில் கோவை விட்டு மி பக்கம் நகர்ந்த அகெமி, மயுமி. 1979 முதல் சில ஆண்டுகள் எங்கு பார்த்தாலும் தயிசுகே.

இவற்றில் எனக்கு மிகவும் பிடித்த துப்பு ‘உயரப் பறப்பது’ என்ற எழுத்து. பெயருக்கு அனுமதித்த பட்டியலில் அது சேர்ந்ததே 1981-இல்தான். அதன் பிறகுதான் ஷோ, ஷோதா, ஷோஹேய் என்று ஒரு தலைமுறையே வந்தது. முகவரி அட்டையில் அந்த எழுத்து இருந்தால் ஆள் பெரும்பாலும் 1981-க்குப் பிறகு பிறந்தவர். சமீப ஆண்டுகளில் ரென் (தாமரை), மினதோ (துறைமுகம்), ஹருதோ என்று ஆண்களுக்கும், ஹிமரி, த்சுமுகி என்று பெண்களுக்கும் அதிகம். அஓயி, ரின், சொரா மாதிரி பொதுப் பெயர்களும் கூடிக்கொண்டே போகின்றன. எனவே வாலை வைத்து ஆண், பெண் கணிப்பது இளையவர்களிடம் அதிகம் தவறும்.

படி 7: தெரியவில்லையா, ‘சான்’ போட்டுவிடுங்கள்

இத்தனையும் பார்த்தும் தெரியவில்லை என்றால் கவலைப்பட ஒன்றுமில்லை. ஜப்பானிய மொழியின் ‘சான்’ ஆண், பெண், மணமானவர், ஆகாதவர் எல்லோருக்கும் ஒன்றே. குடும்பப் பெயரோடு சான் சேர்த்து அழையுங்கள். எழுத்தில் வாடிக்கையாளருக்கு ‘சமா’. ஆங்கில மின்னஞ்சலிலும் சான் என்றே போடலாம், திரு, திருமதிக்குச் சமமான சொல்லைப் போட்டுச் சங்கடப்பட வேண்டாம். உங்கள் பெயருக்கு நீங்களே சான் போடக் கூடாது. இட்ட பெயரைச் சொல்லி அழைப்பது அவரே சொன்னால் ஒழிய வேண்டாம். ‘குன்’ பொதுவாக இளைய ஆண்களுக்கும் பையன்களுக்கும், ‘ச்சன்’ (அழுத்தமான ச, சான் அல்ல) செல்லமாகப் பிள்ளைகளுக்கும் உரியது.

எழுத்தின் பொருளைத் தெரிந்துகொள்ள விரும்பினால் நேரடியாகக் கேளுங்கள். “தொன்ன கன்ஜி தெஸ் கா?” (என்ன கன்ஜி எழுத்து?) யாரும் தவறாக எடுத்துக்கொள்ள மாட்டார்கள், ஜப்பானியர்கள் ஒருவருக்கொருவர் கேட்பதுதான். பதில் இப்படி வரும்: “தையோவில் வரும் யோ, ஹிஷோவில் வரும் ஷோ.” சூரியன் என்ற சொல்லில் உள்ள எழுத்து, வானில் பறத்தல் என்ற சொல்லில் உள்ள எழுத்து என்று அர்த்தம். இரண்டையும் சேர்த்தால் ஹருதோ. முகவரி அட்டையைக் கையில் வைத்துக்கொண்டு கேட்டால் இன்னும் எளிது. அந்தப் பெயரை யார் வைத்தார்கள், ஏன் வைத்தார்கள் என்பதுவரை பேச்சு தானாகவே போகும்.

ஜப்பானில் பிள்ளைக்குப் பெயர் வைக்கப்போகிறவர்களுக்கு

அங்கே குழந்தை பிறந்தால், பெற்றோர் எந்த நாட்டவராக இருந்தாலும் 14 நாட்களுக்குள் நகராட்சியில் பிறப்பைப் பதிய வேண்டும். பெற்றோர் இருவருமே இந்தியர் என்றால் கன்ஜி கட்டுப்பாடுகள் உங்களைத் தொடாது, பெயர் கதகனாவில் பதிவாகும். தங்கப்போகும் குழந்தைக்கு 30 நாட்களுக்குள் குடிவரவு அலுவலகத்தில் வசிப்புரிமை விண்ணப்பம் தனியாகக் கொடுக்க வேண்டும். ஏழாம் நாள் இரவு பெயரைத் தூரிகையால் எழுதிச் சுவரில் மாட்டுவது அங்குள்ள வழக்கம். எழுத்துகளின் கோடுகளை எண்ணி நல்ல எண் வருகிறதா என்று பார்க்கிறவர்களும் நிறைய. நம் ஊர் எண்கணிதக்காரர்கள் சொல்லி எழுத்தைக் கூட்டிக் குறைப்பதைப் போலவே அதற்கும் தனிப் புத்தகங்கள் விற்கின்றன.

இரண்டு மொழிக்கும் பொருந்தும் பெயர் வேண்டுமென்றால் மீனா, ரீனா, அமி, மாயா எல்லாம் எளிதாக ஒட்டிக்கொள்ளும். மாயாவுக்கு உண்மையான உறவே உண்டு. புத்தரின் தாய் மாயாதேவியின் பெயரில் கோபே நகருக்குப் பின்னால் ஒரு மலை இருக்கிறது, அந்தப் பெயர் ஜப்பானியப் பெண்களுக்கும் உண்டு. உமா என்றால் அங்கே குதிரை என்று கேட்கும். கண்ணன் என்ற ஒலிக்கு ஜப்பானிய அகராதியில் ‘துன்பங்கள்’ என்று ஒரு சொல் இருக்கிறது. அதற்காகப் பிடித்த பெயரை விட வேண்டும் என்று நான் சொல்லமாட்டேன். வெளிநாட்டுப் பெயர் என்று தெரிந்துதான் கேட்பார்கள்.

பெயரைவிடக் கவனமாக முடிவு செய்ய வேண்டியது அதன் கதகனா வடிவம். ஜப்பானிய மொழியில் ல, ர இரண்டுக்கும் ஒரே எழுத்துதான். ழ, ள, ண எதற்கும் இடமில்லை. நெடில் எங்கே வர வேண்டும், மெய்யெழுத்துக்குப் பின் எந்த உயிர் ஒட்ட வேண்டும் என்பதை வீட்டில் உட்கார்ந்து சத்தமாகச் சொல்லிப் பார்த்து முடிவு செய்யுங்கள். நகராட்சி, மருத்துவக் காப்பீடு, வங்கிக் கணக்கு, பள்ளி எல்லாவற்றிலும் ஒரே வடிவத்தையே கொடுங்கள். ஜப்பானில் வங்கிக் கணக்குக்குப் பணம் அனுப்பும்போது பெயரைக் கதகனாவில்தான் சரிபார்க்கிறார்கள், ஒரு நெடில் கோடு விடுபட்டாலும் பணம் திரும்பி வந்துவிடலாம்.